கோதுமைச் சந்தைக்குள் ஒரு கோயில்: ஓர்சான்மிக்கேலே சபையும் அதன் கட்டடமும்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், பேராலயத்துக்கும் பழைய அரசு மாளிகைக்கும் நடுவே, குவிமாடமும் மணிக்கூண்டும் இல்லாத ஒரு கோயில் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சதுரமான பெரிய கற்பெட்டி, மூன்று தளங்கள். உள்ளே நுழைந்து வடக்குப் பக்கத்துத் தூண்களைக் கூர்ந்து பார்த்தால், நிற்கிற ஆள் கைக்கு எட்டும் உயரத்தில், கல்லில் வெட்டிய துவாரங்கள் தெரியும். நம் வீட்டுக் குதிரின் அடியில் நெல் எடுக்க விட்டிருக்கும் வாயைப் போன்றவை அவை. மேல்தளங்களில் கொட்டி வைத்த கோதுமை தூணின் உட்குழாய் வழியே சரிந்து இந்த வாய்களில் வந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தால், மூட்டைகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பதற்கு விட்ட ஓட்டைகளைக் கூரை வளைவிலும் காணலாம்.

கோயிலுக்குள் குதிர் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நடந்தது தலைகீழ். குதிருக்குள்தான் கோயில் வந்தது. அதைக் கொண்டுவந்தது ஒரு சகோதர சபை. ஏழைகளுக்குப் பிச்சையிடுவதற்காகத் தொடங்கிய அந்தச் சபை, இத்தாலியின் மிகப் பெரிய பணக்காரச் சபைகளில் ஒன்றாக ஆனது. கடைசியில் அந்தப் பணத்தின் கனமே அதை அழுத்திவிட்டது.

ஓர்சான்மிக்கேலே என்ற பெயரைப் பிரித்தால், தோட்டத்துத் தூய மிக்கேல் என்று பொருள். ஒரு மடத்துக் காய்கறித் தோட்டத்தில் இருந்த சிறு கோயிலின் பெயர் அது. 13ஆம் நூற்றாண்டில் நகர அரசு அந்தக் கோயிலை இடித்துவிட்டு, இடத்தைத் தானியச் சந்தைக்குக் கொடுத்தது. 1280களில் அங்கே நாலு பக்கமும் திறந்த ஒரு தூண்கூடம் எழுந்தது. வெயிலும் மழையும் படாமல் கோதுமை வியாபாரிகள் மூட்டைகளை அடுக்கி, மரக்காலால் அளந்து விற்றார்கள். அந்தக் கூடத்துத் தூண் ஒன்றில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய மரியாளின் படம் இருந்தது. 1291ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி, அந்தப் படத்தைச் சுற்றி ஒரு சபை உருவாயிற்று.

சபை என்றால் துறவிகளின் மடம் இல்லை. கடைக்காரர்களும் கைவினைஞர்களும் குடும்பப் பெண்களும் தங்கள் வீட்டில் இருந்தபடியே சேர்ந்துகொள்ளும் பக்திக் கூட்டம் அது. சிறு சந்தா கட்டுவார்கள். ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் அவருக்காக மன்றாடுவார்கள். அக்காலத்து இத்தாலிய நகரங்களில் இத்தகைய சபைகள் இரண்டு வகை. ஒரு வகையினர் தங்களையே சாட்டையால் அடித்துக்கொண்டு தவம் செய்தார்கள். இன்னொரு வகையினர் பாடினார்கள். ஓர்சான்மிக்கேலே சபையார் பாடுகிறவர்கள். வியாபாரம் முடிந்த மாலையில், தரையில் சிந்திய கோதுமை மணிகளுக்கு நடுவே, படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, மரியாளின் புகழ்ப் பாடல்களைப் பாடினார்கள். லத்தீனில் இல்லை, தாங்கள் பேசுகிற மொழியிலேயே. இந்தச் சபையின் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன். குருக்களை எதிர்பார்க்காமல், சொந்த மொழியில், சந்தைத் திடலிலேயே ஒரு வழிபாடு.

1292 ஜூலை 3ஆம் தேதி முதல் அந்தப் படம் அற்புதங்கள் செய்யத் தொடங்கியதாக நகரின் வரலாற்றை எழுதிய ஜொவான்னி வில்லானி குறிப்பிடுகிறார். நோயாளிகள் குணமானார்கள், முடவர்கள் நடந்தார்கள், பேய் பிடித்தவர்கள் விடுபட்டார்கள் என்று ஊரெங்கும் பேச்சு. சுற்றியுள்ள டஸ்கனிப் பகுதி முழுவதிலிருந்தும் மக்கள் நேர்ச்சையோடு வந்தார்கள். வேளாங்கண்ணியில் வெள்ளியில் கை, கால், கண் செய்து காணிக்கை வைப்பதைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது எளிது. அங்கே அவை மெழுகில் செய்த உருவங்கள். கூடம் நிறைந்து வழியும் அளவுக்கு அவை குவிந்தன.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. டொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள் பொறாமையாலோ வேறு காரணத்தாலோ நம்ப மறுத்தார்கள் என்கிறார் வில்லானி. இத்தாலிய மகாகவி தாந்தேயின் நண்பரான கவிஞர் குய்தோ கவல்காந்தியும் இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார்: துறவிகள் இதைச் சிலை வழிபாடு என்று பழிக்கிறார்கள், படம் தங்கள் பக்கத்தில் இல்லையே என்ற பொறாமைதான் காரணம் என்பது அதன் சாரம். துறவிகளின் கவலையை வெறும் பொறாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். அவர்களுடைய பெரிய கோயில்கள் நகரின் இரு ஓரங்களில் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. காணிக்கை உண்டியலோ நகரின் நடுவில், வியாபாரிகளின் கையில் நிறைந்துகொண்டிருந்தது.

அந்த உண்டியல் என்ன ஆயிற்று என்பதற்கு வில்லானி தரும் பதில்தான் இந்த வரலாற்றுக்கே அச்சாணி. சபை ஆண்டுதோறும் 6,000 லிராவுக்கு மேல் ஏழைகளுக்குக் கொடுத்தது. நகரின் மேலான மக்களில் பெரும்பகுதியினர் அதில் உறுப்பினர். தம் காலத்தில் வருமானம் அதைவிடவும் பெருகியிருந்தது என்று எழுதுகிற அவர், சபை நிலமோ வீடோ எதையும் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளாமல், வந்ததை முழுவதும் ஏழைகளுக்கே பகிர்ந்து வந்தது என்கிறார். வந்த கையோடு கொடுத்துவிடும் சபை அது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்தவை அனைத்தும் விளங்கும்.

1304 ஜூன் 10ஆம் தேதி, கட்சிச் சண்டையில் வெறிகொண்ட நேரி அபாத்தி என்ற குரு ஒருவர் ஓர்சான்மிக்கேலே பக்கத்தில் தீ வைத்தார். நகரின் நடுப்பகுதியில் 1,700க்கும் மேற்பட்ட வீடுகளும் கோபுரங்களும் மாளிகைகளும் எரிந்தன. சந்தைக் கூடமும் தப்பவில்லை. அந்தத் தீயில் முதல் படமும் போயிருக்க வேண்டும். ஆனால் பக்தி அழியவில்லை. வேறு படம் வைத்தார்கள், பாட்டு தொடர்ந்தது.

சபையின் தர்மம் எத்தகைய இடத்தில் நடந்தது என்பதை உணர, 1329ஆம் ஆண்டின் பஞ்சத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சந்தையிலேயே தானிய வியாபாரம் செய்த தொமெனிக்கோ லென்சி என்பவர், 1320 முதல் 1335 வரை அங்கே விற்ற கோதுமையின் விலையைக் குறித்து வைத்தார். விலைப்பட்டியலுக்கு நடுவே தம் கண்ணால் கண்ட பசியையும் எழுதினார். விலை ஏறியதும் கூட்டம் சந்தைக்குள் பாய்ந்தது. காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள்; கலகம் செய்பவரைத் தண்டிக்க வெட்டுக்கட்டையும் கோடரியும் சந்தையிலேயே வைக்கப்பட்டன. சியேனா நகரம் தன் ஏழைகளை வாசலுக்கு வெளியே துரத்தியது. ஃபுளோரன்ஸ் அவர்களை உள்ளே விட்டது. லென்சியின் கையெழுத்துப் பிரதியில் இந்தக் காட்சிகளை ஓர் ஓவியர் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். ஒரு படத்தில், தானியத் தொட்டிகள் நிறைந்து கிடக்கும் நல்ல காலத்துச் சந்தை. இன்னொன்றில் தொட்டிகள் காலி, மக்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்த அமளிக்கு ஓரத்தில் மரியாளின் படம் அப்படியே இருக்கிறது.

கோதுமை விலை முடிவாகிற அதே முற்றத்தில்தான் அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்களுக்கான உண்டியலும் இருந்தது. இந்த நெருக்கத்தைத் தற்செயல் என்று கொள்ள எனக்கு மனமில்லை. படியளக்கிற இடத்தில் கணக்கு மட்டும் இருந்தால் போதாது, கருணையும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று அந்த மக்கள் கருதியிருக்கிறார்கள்.

ஏழைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? 1330இல் ஃபுளோரன்ஸ்காரர் ஒருவர், நகரில் பிச்சை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஆறு தெனாரிக் காசு கொடுக்குமாறு உயில் எழுதிவிட்டு இறந்தார். ஒருவரே இரண்டு முறை வாங்கிவிடாதபடி, எல்லாரையும் ஒரே நேரத்தில் பெரிய கோயில்களுக்குள் அடைத்து, வெளியே வரவரக் கையில் கொடுத்தார்களாம். எண்ணிக்கை 17,000ஐத் தாண்டியது என்கிறார் வில்லானி. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது.

இத்தனை பேரில் யாருக்குக் கொடுப்பது? சபையின் தலைவர்களுக்குக் கப்பித்தானி என்று பெயர். அவர்களோடு பொருளாளர்களும் கணக்கெழுதுபவரும் உண்டு. யார் எந்தத் தெரு, எந்தக் கோயில் வட்டாரம், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துப் பெயர் எழுதினார்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அந்தப் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் அதிகம் வருபவர்கள் பெண்கள்: கைம்பெண்கள், பிள்ளைகள் நிறைய உள்ளவர்கள், அப்போதுதான் பிரசவித்தவர்கள். பிள்ளை பெற்றுப் பாயில் கிடக்கிற பெண்ணுக்கு நாலு காசு போய்ச் சேர வேண்டும் என்று 670 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். மாளிகைகளையும் போர்களையும் பற்றிப் படித்துக் களைத்தபின் இத்தகைய ஒரு வரியைக் காண்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி, கட்டடம். எரிந்த கூடத்துக்குப் பதிலாகக் கல்லில் ஒரு பெரிய கட்டடம் எழுப்ப நகர அரசு முடிவு செய்தது. 1337 ஜூலை 29 அன்று கால்கோள் நடந்தது. பட்டு வணிகர்களின் தொழிற்குழுவிடம் மேற்பார்வை. கீழே திறந்த வளைவுகளோடு சந்தை, மேலே இரண்டு தளங்களில் தானியக் கிடங்கு. முற்றுகைக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சிய ஒரு நகரம் தன் சோற்றைப் பூட்டி வைக்கக் கட்டிய பெட்டகம் அது. தொடக்கத்தில் சொன்ன தூண்வாய்கள் இந்தக் கட்டடத்தைச் சேர்ந்தவை. பழைய படத்தின் இடத்தில் வைக்கச் சபை பெர்னார்தோ தத்தி என்ற ஓவியரிடம் புதிய மரியாள் படத்தைக் கேட்டது. 1347இல் அது முடிந்தது. இன்றும் அங்கே இருப்பது அந்தப் படம்தான்: குழந்தை தாயின் கன்னத்தை நோக்கிக் கை நீட்ட, சுற்றிலும் வானதூதர்கள்.

மறு ஆண்டு கொள்ளைநோய் வந்தது. ஜொவான்னி வில்லானி அதில் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தம்பி மத்தேயோ வரலாற்றைத் தொடர்ந்து எழுதினார். ஐந்து பேருக்கு மூன்று பேர் செத்தார்கள் என்பது மத்தேயோவின் கணக்கு. சாகிறவர்கள் உயில் எழுதினார்கள். வாரிசுகளும் செத்துக்கொண்டிருந்ததால், உயிலில் கடைசியாகப் பெயர் குறித்த சபைக்கே சொத்து வந்து சேர்ந்தது. கொஞ்ச காலத்துக்குள் ஓர்சான்மிக்கேலே சபைக்குக் கிடைத்தது 3,50,000 பொன் ஃபுளோரினுக்கு மேல் என்கிறார் மத்தேயோ. நகரின் பெரிய மருத்துவமனையான சாந்தா மரியா நுவோவாவுக்குக் கிடைத்ததோ 25,000. ஒரு ஃபுளோரின் சுமார் மூன்றரை கிராம் தங்கம். பெருக்கிப் பார்த்தால் 1,200 கிலோவைத் தாண்டும். நோய்க்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் நகர அரசின் ஓராண்டு வருமானமே ஏறத்தாழ 3,00,000 ஃபுளோரின் என்று ஜொவான்னி கணக்குக் காட்டியிருந்தார்.

நிலமோ வீடோ சேர்க்காத சபை ஒரே வீச்சில் அரசைவிடப் பெரிய பணக்காரனாகிவிட்டது. வாங்க வேண்டியவர்களோ இல்லை. பிச்சை எடுத்தவர்கள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள், பிழைத்த எளிய பெண்களின் வீட்டிலும் பொருள் நிறைந்து கிடந்தது, யாரும் தர்மம் தேடவில்லை என்று மத்தேயோ எழுதுகிறார். சபைப் பதவிக்குப் போட்டி போட்ட பெரிய மனிதர்கள் மீது அவருக்கு வந்த கோபம் அந்தப் பக்கங்களில் கொதிக்கிறது. நகர அரசும் சும்மா இருக்கவில்லை. படை நடத்தப் பணம் வேண்டியபோதெல்லாம் சபையிடம் கடன் கேட்டது. ஏழைக்கென்று செத்தவர் எழுதி வைத்த காசு போர்ச் செலவுக்குப் போயிற்று.

மீதியில் ஒரு பெரும்பகுதி பளிங்காயிற்று. 1352இல் சபை ஆந்திரேயா தி சோனேயை அழைத்தது; ஓர்க்காஞா என்ற பெயரில் அறியப்படுகிற கலைஞர். தத்தியின் படத்தைச் சுற்றி ஒரு மாடம் அமைக்கச் சொன்னார்கள். 1359இல் அவர் முடித்துக் கொடுத்தது மாடம் என்ற சொல்லுக்குள் அடங்காது. குவிமாடமும் கோபுர முனைகளும் உள்ள முழுக் கோயில், இன்னொரு கட்டடத்துக்குள் நிற்கிறது. வெள்ளைப் பளிங்கில் நீலமும் பொன்னுமாகக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்திருக்கிறார். மெழுகுவர்த்தி வெளிச்சம் அவற்றில் பட்டால் கல்லே மினுங்கும். அடிப்பகுதியில் மரியாளின் வாழ்க்கைக் காட்சிகள். பின்புறம் பெரிய புடைப்புச் சிற்பம்: கீழே மரணப் படுக்கையில் மரியாள், சுற்றி நின்று அழும் சீடர்கள், மேலே வானதூதர்கள் அவளை ஏந்திச் செல்கிறார்கள். அதன் அடியில் தம் பெயரையும் 1359 என்ற ஆண்டையும் ஓர்க்காஞா பொறித்து வைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான சாவுகளின் பணத்தில் செய்த சிற்பத்தில், ஒரு தாய் தன் படுக்கையில், எல்லாரும் கூடியிருக்க, அமைதியாக இறக்கிறாள். கொள்ளைநோயில் யாருக்கும் கிடைக்காத சாவு அது. இந்த மாடத்தை வீண் செலவு என்று என்னால் முழுமனதோடு சொல்ல முடியாமல் போவதற்கு அந்தச் சிற்பம்தான் காரணம்.

ஆனாலும் விலைமதிப்பில்லாத அந்த வேலைப்பாடு நாலு பக்கமும் திறந்த தானியக் கூடத்துக்குள் நின்றது. மாவுத் தூசிக்கும் கூட்டத்துக்கும் நடுவே அதை எப்படிக் காப்பது? முதலில் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். பிறகு சந்தையே வேறிடம் போயிற்று. 1360களின் பிற்பகுதியில் சிமோனே தாலெந்தியின் கையால் வளைவுகளைக் கல் பின்னலாலும் சுவராலும் அடைக்கும் வேலை தொடங்கியது. மேல்தளங்களில் தானியம் இருந்தது, கீழ்த்தளம் கோயிலாகிவிட்டது. வந்து போகிறவர் எல்லாரும் நின்று பார்த்த படம் கதவுக்குப் பின்னால் போனது. அதைக் காக்கத்தான் அடைத்தார்கள். கடைத்தெருவின் குழந்தையாகப் பிறந்த சபை கடைத்தெருவை விட்டு விலகியதும் அந்தச் சுவர்களோடுதான்.

வெளிச்சுவரின் சிற்பங்களைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அவை சபையின் சொத்து இல்லை. நகரின் தொழிற்குழுக்களுக்கு ஆளுக்கொரு தூண் ஒதுக்கி, தங்கள் பாதுகாவலரின் உருவத்தை வைக்கச் சொன்னது அரசு. பல குழுக்கள் இழுத்தடித்ததால் 1406இல் பத்து ஆண்டுக் கெடு விதித்தது. அந்தக் கெடுவின் நெருக்கடியில் சிற்பி தொனாத்தெல்லோவின் புனித மாற்கும் புனித ஜார்ஜும், சிற்பி கிபெர்த்தியின் வெண்கல யோவானும் பிறந்தார்கள். இப்போது வெளியே நிற்பவை நகல்கள். மூலச் சிலைகளில் பெரும்பாலானவை மேல்தளத்து அருங்காட்சியகத்தில், பழைய கோதுமைக் கிடங்கில் நிற்கின்றன.

சபையின் கதை அதற்கு முன்பே வற்றத் தொடங்கியிருந்தது. பாடகர்களுக்குச் சம்பளம், கட்டடப் பராமரிப்பு, மெழுகுச் செலவு என்று பணம் போயிற்று. ஏழைகளுக்கான பங்கு குறைந்தது. இதற்கிடையே வேறு சபைகள் தெருவில் இறங்கி வேலை செய்தன. மிசெரிக்கோர்தியா என்ற சபை, பேராலயத்துக்கு எதிரே 1350களில் ஒரு சிறு கூடம் கட்டியது. கைவிடப்பட்ட குழந்தைகளையும் வழி தவறிய குழந்தைகளையும் அங்கே வைத்திருந்து, தாய் வந்தால் ஒப்படைத்தார்கள். 1386இல் அந்தக் கட்டடத்துச் சுவரில் தீட்டிய ஓவியத்தின் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது: சபைத் தலைவர்கள் குழந்தைகளைத் தாய்மாரிடம் கொடுக்கிறார்கள். 1425இல் அரசு இந்தச் சபையைப் பிகாலோ என்ற சபையோடு இணைத்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் அது மீண்டும் தனியே எழுந்தது. இன்றும் அதே சதுக்கத்திலிருந்து மிசெரிக்கோர்தியாவின் ஆம்புலன்ஸ் புறப்படுகிறது.

ஓர்சான்மிக்கேலேயின் பாடத்தை ஆழமாகக் கற்றவர் அந்தோனினோ என்று நினைக்கிறேன். சான் மார்க்கோ மடத்தின் டொமினிக்கன் தலைவர்; பின்னர் நகரின் பேராயர். 1442இல் அவர் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு சிறு குழு அமைத்தார். சான் மார்த்தினோவின் நல்ல மனிதர்கள் என்று பெயர். அவர்கள் தேடிப் போனது தெருப் பிச்சைக்காரர்களை இல்லை. வாழ்ந்து கெட்ட குடும்பங்களை. வறுமையை வெளியே சொல்லக் கூசி, கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்தவர்களை. இரண்டு விதிகள் முக்கியமானவை: சொத்து எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, யாராவது எழுதி வைத்தால் விற்று உடனே பகிர்ந்துவிட வேண்டும்; கணக்கைப் பார்க்கும் உரிமை அரசுக்கும் இல்லை, திருச்சபைக்கும் இல்லை. வாங்கியவரின் பெயர் வெளியே தெரியக் கூடாதே. முன்னொரு காலத்தில் ஓர்சான்மிக்கேலே சபையைப் பற்றி வில்லானி எழுதிய அந்த ஒரு வரி இங்கே சட்டமாகத் திரும்பி வந்தது.

சேர்த்து வைக்காதவர்களிடம் பணம் தீர்ந்துபோகும். தீர்ந்தால் வாசலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். ஊர் புரிந்துகொண்டு உண்டியலில் போடும். கையில் ஒன்றும் இல்லாத நிலையைச் சிறு விளக்கில் நிற்பது என்று இத்தாலியர்கள் சொல்வது இதிலிருந்து வந்ததாகக் கூறுவார்கள். குழு இன்றும் இயங்குகிறது. அதன் கட்டடம் ஒரே ஓர் அறை, தாந்தேயின் வீடு என்று காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில். வெளிச்சுவரில் காசு போட ஒரு துவாரம். உள்ளே, ஓவியர் கீர்லாந்தாயோவின் பட்டறையில் இருந்தவர்கள் தீட்டிய சுவரோவியங்கள்: கடனுக்காகச் சிறைப்பட்டவரை மீட்பது, பிணத்தை அடக்கம் செய்வது, ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம். ஒன்றில் ஒரு பெண் பிள்ளை பெற்றுக் கட்டிலில் இருக்கிறாள். அவளைப் பார்க்க வந்தவர்கள் குழந்தைக்குத் துணியும், ஒரு கோழியும், ஒரு குடுவை ஒயினும் கொண்டுவந்திருக்கிறார்கள்.